அப்பாவின் கைக்குப் பத்தாத பட்டை

ஈசூன், சிங்கப்பூர்
5 ஆகஸ்ட் 1984, ஞாயிற்றுக்கிழமை

ஈப்போவில் இருக்கும் அத்தான் இயேசுதாசன் அவர்களுக்கு, மைத்துனன் விக்டர் மரியாதையுடன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கும் ஆனி அக்காவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் அதே சுகத்தைக் கேட்டு அம்மா இன்று முதல் பூசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மேலே உள்ளது அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது சோறு வடிக்கப் போய்விட்டாள். இனி நான் எழுதுகிறேன்.

அத்தான், எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்பது உங்கள் கல்யாணத்தன்றே உங்களுக்குத் தெரியும். உங்கள் கோட்டு இடது பக்கம் அரை இஞ்சு இறங்கியிருக்கிறது என்று பீடத்துக்கு முன்னாலேயே சொன்னவன் நான். அதனால் நேராகவே சொல்கிறேன். "எல்லோரும் சுகம்" என்று அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த இரண்டு வார்த்தையை நிரூபிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய ரத்த அழுத்த மெஷின்.

ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கூப்பன் வெட்டி, தபாலில் போட்டு, மூன்று மாதம் காத்திருந்து அதை வரவழைத்தீர்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். "டாக்டர் இனி உங்கள் வீட்டுக்குள்ளே" என்று பெட்டி மேல் அச்சடித்திருக்கிறார்கள். இருக்கட்டும். நான் செம்பவாங் கப்பல் யார்டில் பிரஷர் கேஜ் சோதிக்கிறவன். எங்கள் பட்டறைக்கு ஒரு கேஜ் வந்தால், அது கப்பல் பாய்லரிலிருந்து கழற்றியதானாலும் கேண்டீன் அடுப்பிலிருந்து கழற்றியதானாலும், முதலில் பாதரசக் குழாயோடு சேர்த்து ஒத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போடுவோம். அதற்குப் பிறகுதான் அது காட்டும் எண்ணை நம்புவோம். தபாலில் வந்த டப்பாவை ஸ்டிக்கர் இல்லாமல் நான் நம்புவேனா? ஆனால் அம்மா நம்பினாள். மருமகன் அனுப்பியதாயிற்றே. மாதா சுரூபம் இருக்கும் அலமாரியில், மாதாவை நாலு விரல் நகர்த்தி, அதற்கு இடம் பண்ணி வைத்தாள்.

முதல் நாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அப்பாவைப் பனியனோடு நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்பாவின் கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். யார்டில் முப்பத்தொரு வருஷம் பாரம் தூக்கும் ரிகர் வேலை பார்த்து, சங்கிலி இழுத்து இழுத்து வளர்ந்த கை. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை. மெஷினோடு வந்த துணிப்பட்டை அந்தக் கையைச் சுற்றி வந்து தன் மறுமுனையைத் தொட முடியாமல் நின்றது. இழுத்துப் பிடித்தால் ஓரத்தில் இரண்டு விரல் அகலம்தான் ஒட்டியது, ரப்பர் பந்தை அமுக்கியதும் பட்டென்று கழன்று விழுந்தது. அம்மா பால்கனிக்குப் போய்த் துணி காயப்போடும் கிளிப் இரண்டை எடுத்து வந்து மாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நொடியே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்கிறவன் இதை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மெஷின் டிக் டிக்கென்று ஒலித்து, நூற்று எண்பத்திரண்டு, கீழே நூற்று எட்டு என்று காட்டியது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பட்டையைக் கழற்றி மேசை மேல் போட்டார். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் எம்சி எடுத்ததில்ல நான். இந்த டப்பா சொல்லி நான் படுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, செய்தி பார்க்கப் போய்விட்டார். டாக்டரிடம் போவோம் என்று நான் அன்றே சொன்னேன். நோயாளிகளோடு வரிசையில் உட்கார நான் என்ன நோயாளியா என்றார். அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது அந்த ஒரு கணக்கைத்தான்: மருத்துவ விடுப்பு, பூஜ்யம். அதை இப்போது கெடுத்துக்கொள்ள மாட்டாராம். ஓய்வு பெற்றவருக்கு விடுப்பே கிடையாது அப்பா என்று சொன்னேன், அதற்கும் கோபம்.

மறுநாளிலிருந்து வீட்டில் உப்பு நின்றது. ஊறுகாய் நின்றது. நெத்திலி, சம்பல், கருவாடு எல்லாம் நின்றன. அம்மா தினமும் இரண்டு வேளை அளந்து, கோயில் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எண்ணைக் குறித்தாள். புனிதர்களின் பெயருக்குக் கீழே 182, 186, 179, 190. அளக்க அளக்க அப்பாவுக்குக் கோபம், கோபம் ஏற ஏற எண்ணும் ஏறியது. அவர் தட்டுக்கு வராத கருவாடு வீணாகப் போகக் கூடாது என்று அவர் பங்கையும் நானே சாப்பிட்டுவந்தேன். வீட்டில் யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டுமே.

பக்கத்து வீட்டு ஆமினா பீவிக்கும் விஷயம் எட்டிவிட்டது. பத்து வருஷமாகத் தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர் அவர். என் கையையும் பாருங்க அந்தோனியம்மா என்று அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. புத்தகத்தில் அச்சடித்த மாதிரியான எண். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. இன்னொரு தடவை பாருங்க என்றார். மறுபடியும் நூற்றுப் பதினெட்டு. "உங்க மருமகன் என்னத்த அனுப்பியிருக்காரு லா, எனக்குப் போய் நல்லாருக்குன்னு சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் போனவர், நான்கு நாள் அம்மாவோடு பேசவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே கையை நீட்டினேன். வயது இருபத்தாறு, எடை ஐம்பத்தெட்டு கிலோ, சனிக்கிழமை தவறாமல் கால்பந்து. மெஷின் எனக்கு என்ன காட்டியது தெரியுமா? நூற்று ஐம்பத்தெட்டு, கீழே நூற்று இரண்டு. வாய்விட்டுச் சிரித்தேன். மூன்று தடவை பார்த்தேன், கடைசித் தடவை நூற்று அறுபத்து நான்கு. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? என்னைப் போன்ற ஆளுக்கு இந்த எண்ணைக் காட்டுகிற டப்பா கடலில் வீச வேண்டிய டப்பா என்று அம்மாவிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கத்தாதே, மாதா கேட்கிறாள் என்றாள் அம்மா.

இதுவரை நடந்தது வெறும் எரிச்சல். இனிமேல்தான் விவகாரம்.

வருகிற பதினைந்தாம் தேதி நம் கோயிலில் மாதா திருநாள். சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி நான்கு பேர் தோளில் தூக்கிக் கோயிலைச் சுற்றி வருவது உங்களுக்குத் தெரியும். முன்பக்க இடது முனை 1962லிருந்து அப்பாவுடையது. அதை யாரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. வாசலில் மூன்று படி இறங்கி உடனே இடது பக்கம் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்தில் மொத்தப் பாரமும் முன் இடது தோளில்தான் வந்து உட்காரும். இருநூற்று எழுபது கிலோ, பூவும் விளக்கும் தனி. பாரம் எந்த நொடியில் எந்தப் பக்கம் சாயும் என்று உடம்பாலேயே அறிந்த ஆள் அங்கே வேண்டும். அப்பா ரிகர். யார்டில் கப்பல் இஞ்சினைத் தூக்கும்போது சொல்கிற மாதிரியே, மரியே வாழ்க பாட்டுக்கு நடுவே "பிளான், பிளான், மெல்ல மெல்ல, நில்லு, இப்ப இடது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இறங்குவார். மற்ற மூன்று பேரும் அந்தக் குரலுக்குத்தான் கால் வைப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் மாதாவின் கிரீடத்திலிருந்து ஒரு பூகூட உதிர்ந்ததில்லை. சின்ன வயதில் நான் வரிசையில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு மாதாவைப் பார்க்காமல் அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மா என்ன செய்தாள்? ஜூலை மூன்றாம் ஞாயிறு, காலண்டரைச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கி, சுருட்டி, பஸ்ஸில் எடுத்துப் போய்ப் பூசை முடிந்ததும் பங்கு ஃபாதரிடம் விரித்துக் காட்டிவிட்டாள். இருபது நாள், நாற்பது எண், எல்லாம் சிவப்பு மையில். ஃபாதர் நல்லவர். ஆனால் எண் என்றால் பயம். அப்பாவைக் கூப்பிட்டு, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் லாசரஸ், இந்த வருஷம் நீங்கள் குடை பிடித்து வாருங்கள் என்றார். அப்பாவின் பெயரை அடித்துவிட்டு, அருள்ஜோதியின் பெயரை எழுதினார். அருள்ஜோதி வங்கியில் வேலை பார்க்கிறவர், பாட்மின்டன் ஆடுகிறவர், வெள்ளைக் காலுறை போடுகிறவர். இதற்கு மேல் அவரைப் பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "என்னக் கேட்டிருக்கலாம்ல, அந்தோனி?" அம்மா அழுதாள். "நீங்க சப்பரத்துக்கடியில விழுந்தா நான் யாரக் கேக்கிறது?" என்றாள். இரண்டு பேருமே சொன்னது சரி. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு டப்பாவால் இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உப்பில்லாத ரசம் குடிக்கிறார்கள்.

திங்கட்கிழமை மெஷினைப் பையில் போட்டு யார்டுக்குக் கொண்டு போனேன். எங்கள் ஃபோர்மன் மருதப்பன் பாதரசக் குழாயைத் தவிர எதையும் நம்பாதவர், தன் கைக்கடிகாரத்தைக்கூட வாரத்துக்கு ஒரு முறை ரேடியோவோடு ஒத்துப் பார்க்கிறவர். பட்டையை ஒரு பெரிய மைலோ டின்னைச் சுற்றிக் கட்டினேன். காற்றுக் குழாயை மூன்றாகப் பிரித்து, ஒன்றை மெஷினுக்கும், ஒன்றைப் பாதரசத்துக்கும், ஒன்றை ரப்பர் பந்துக்கும் கொடுத்தேன். மெஷினின் மானத்தை அங்கேயே வாங்கிவிடுவது என்று எண்ணம். பாதரசம் ஐம்பது, மெஷின் ஐம்பது. நூறுக்கு நூற்று ஒன்று. நூற்றைம்பதுக்கு நூற்றைம்பது. இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஏற்றியும் பார்த்தேன், இறக்கியும் பார்த்தேன். பத்து தடவை பார்த்தேன், எப்போதும் இரண்டுக்குள்தான் பிசகு. எங்கள் யார்டில் ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கருக்கு இதில் பாதி போதும்.

எனக்கு வந்த கோபத்தை மருதப்பன் பார்த்தார். "மெஷின் நல்லாருக்குன்னு இவ்வளவு வருத்தப்படுற ஆள இப்பதான் பாக்கிறேன்" என்றார். பிறகு டீ குடித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "கேஜுல குத்தமில்ல தம்பி. கேஜ எங்க மாட்டுனீங்க, அதப் போய்ப் பாரு."

அப்போதுதான் அந்தத் துணிக் கிளிப் இரண்டும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

வீட்டுக்கு வந்து மெஷினோடு வந்த குறிப்புத் தாளைப் பிரித்தேன். ஆறாவது பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: மேல்கைச் சுற்றளவு இருபத்து மூன்றிலிருந்து முப்பத்தொரு சென்டிமீட்டர் வரை. இது பெட்டி மேல் போட வேண்டிய விஷயம். விளம்பரத்தில் போட வேண்டிய விஷயம். கூப்பனில், பெயர், விலாசம், அதற்கடுத்து கைச் சுற்றளவு என்று கேட்க வேண்டிய விஷயம். சின்னப் பட்டை பெரிய கையில் ரத்தக் குழாயை அடைக்கத் தேவையானதைவிட அதிகமாக அழுத்த வேண்டும். மெஷின் நேர்மையாகத் தன் பட்டைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைச் சொல்கிறது. அது அப்பாவின் ரத்தத்தின் அழுத்தம் இல்லை. அவ்வளவுதான்.

அப்பாவின் கையை அளக்க டேப் தேடினால் அம்மா, டேப் எதற்கு, தேக்காவுக்குப் போ, டெய்லர் அப்துல் மஜீது நோட்டில் இருக்கும் என்றாள். போனேன். மார்க்கெட்டுக்கு மேல் மாடியில் கடை. அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சட்டை தைக்கிறவர். நோட்டைப் புரட்டி, லாசரஸ், மேல்கை பதினைந்தேகால் இஞ்சு என்று படித்தார். முப்பத்தொன்பது சென்டிமீட்டர் ஆகிறது அத்தான். "உங்க அப்பாவுக்கு மட்டும் ரெடிமேட் சட்டை இந்த ஊர்லயே கெடையாது. நாலு பேரு இந்த மாதிரி இருந்தா என் பொழப்பு நல்லா நடக்கும்" என்றார் மஜீது. இருபது வருஷமாக ஒரு டெய்லருக்குத் தெரிந்தது, கூப்பன் கம்பெனிக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை. கார் டயர் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு ஓரத்தையும் சூடு வைத்து ஒட்டி, குழாய் பொருத்திக் கொண்டு போய்க் கொடுத்தேன். காக்கி கான்வாஸில் உறை தைத்து, உள்பக்கம் பூப்போட்ட லைனிங் வைத்துக் கொடுத்தார். லைனிங் எதற்கு என்று கேட்டேன். தன் கடையிலிருந்து போகிற எதுவும் உள்பக்கம் அசிங்கமாக இருக்காது என்றார்.

அந்தப் பட்டையில் அப்பாவுக்கு நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு.

ஃபாதரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விக்டர், நீ செஞ்ச பட்டையில நீ ஆசைப்பட்ட நம்பர் வருது" என்றார். கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது சரி. வேறொருவன் இப்படி ஒரு கேஜைக் கொண்டு வந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கே அங்கே ஒத்திகை. சப்பரத்தில் சுரூபத்துக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை வைத்து, அருள்ஜோதி முன் இடது முனையைப் பிடித்தார். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவதில் அவர் வலது பக்கம் திரும்பிவிட்டார். ஒரு மூட்டை சரிந்து, மணி அடிக்கும் கோயில்பிள்ளையின் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்து வெடித்தது. வாசல் முழுக்க அரிசி. அப்பா ஓரத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து அரிசியை அள்ள ஆரம்பித்தார். அள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எந்த டாக்டர்டா?" என்று கேட்டார்.

முப்பத்துநான்கு வருஷத்தில் முதல் தடவை, அத்தான். வெள்ளிக்கிழமை ஃபேரர் பார்க்கில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில், இது எம்சி கணக்கில் வராதே என்று இரண்டு தடவை கேட்டார். உள்ளே ஜரீனா என்று ஒரு நர்ஸ். சின்னப் பெண், வேகமான கை. அங்கேயும் சுவரில் பாதரசக் குழாய்தான், எனக்குக் கும்பிடத் தோன்றியது. ஆனால் பட்டை அதே சின்னப் பட்டை. நூற்று அறுபத்தெட்டு என்றார். பட்டை தப்பு, தொடைக்குப் போடுகிற பெரியது இருக்கும், அதை எடுங்கள் என்றேன்.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்ல. கேஜ் டெக்னீஷியன்."

"இங்க கேஜ் ரிப்பேர் இல்ல லா, அண்ணே. உக்காருங்க."

நான் உட்காரவில்லை. மைலோ டின்னிலிருந்து டெய்லர் நோட்டு வரை நின்றுகொண்டே சொன்னேன். சத்தத்தைக் கேட்டு டாக்டர் அம்மாவே உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். கேட்டார், சிரித்தார், அப்பாவின் கையை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய்ப் பெரிய பட்டையை எடுத்து வந்து தன் கையாலேயே கட்டினார். நூற்று முப்பத்தாறு, எண்பத்து நான்கு. இரண்டு கையிலும் பார்த்தார், உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "இந்த வயசுல இந்த உடம்பு எனக்கு வந்தா மாதாவுக்கு நானே சப்பரம் தூக்குவேன்" என்றார். டாக்டர் அம்மா இந்து, அத்தான். கடிதமும் எழுதிக் கொடுத்தார்: பாரம் தூக்கத் தடை இல்லை. அடியில் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: இவருக்குப் பெரிய பட்டை மட்டுமே பயன்படுத்தவும், மகன் சொல்வது சரி. மகன் சொல்வது சரி என்ற இடத்தில் நானே கோடு போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்த ஜரீனா, கழுத்தெல்லாம் செவந்து போயிருக்கு அண்ணே, நீங்களும் ரெண்டு நிமிஷம் உக்காருங்க என்று என் கையிலும் பட்டையைச் சுற்றி, ஓர் அட்டையில் ஏதோ எழுதிக் கொடுத்தார். கேட்டதைக் கொடுத்துவிட்டதால் மரியாதைக்கு உட்கார்ந்தேன். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவோடு நேரே கோயிலுக்குப் போனேன்.

ஃபாதர் கடிதத்தைப் படித்தார். பட்டியலை எடுத்தார். அருள்ஜோதி பெயரை அடித்து, முன் இடது முனையில் லாசரஸ் என்று எழுதினார். அது மட்டுமில்லை. பின் வலது முனை ஆள் வேலைக்காக புரூணைக்குப் போகிறாராம், அந்த இடத்துக்கு யார் என்று ஃபாதர் யோசிக்கும்போது அப்பா, "இவன் இருக்கான்ல" என்றார். இரண்டே வார்த்தை. ஃபாதர் என் பெயரையும் எழுதினார். பதினைந்தாம் தேதி சாயங்காலம், அப்பா முன்னால் பிளான், பிளான் என்று சொல்ல, நான் பின்னால் கால் வைக்கப் போகிறேன். நீங்களும் அக்காவும் விடுப்புப் போட்டு வந்து பார்த்தே ஆக வேண்டும்.

அம்மா அன்றைக்கே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அப்பா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். ஆமினா பீவியும் வந்து சாப்பிட்டுவிட்டு, அந்த மெஷின் பெரிய கைக்குத் தப்பு என்றால் சின்னக் கைக்கும் தப்பாகத்தானே இருக்கும், எனக்கு உண்மையில் இருநூறு இருக்கும் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, விஷயம் இதுதான். உங்கள் மெஷின் பொய் சொல்லவில்லை. நேற்று மறுபடியும் யார்டுக்குக் கொண்டு போய், ஐந்து இடத்தில் ஒத்துப் பார்த்து, முறையாகச் சர்டிஃபிகேட் எழுதி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். மருதப்பனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். குறிப்புத் தாளில் எழுதிய அளவுக்குள் இருக்கிற கைக்கு அது காட்டும் எண்ணை யாரும் மறுக்க முடியாது. கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், கைச் சுற்றளவைப் பெட்டி மேல் பெரிய எழுத்தில் போடும்படி. எனக்கு வந்த நூற்று ஐம்பத்தெட்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது டப்பா மேல் இருந்த கோபத்தில் வந்தது, தனி விஷயம். இங்கே அந்த மெஷினுக்கு ஏற்ற கை யாருக்கும் இல்லாததால், அதைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஈப்போவுக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்வது: ஆனி வெயிலில் அலைய வேண்டாம், பிள்ளைகள் மழையில் நனைய வேண்டாம், மாதா உங்கள் வாசலில் காவல் இருப்பாள். அப்பா சொல்லச் சொல்வது: மாப்பிள்ளை மேல் கோபமில்லை.

உங்கள் மைத்துனன்,
விக்டர் லாசரஸ்

பி.கு.: 7 ஆகஸ்ட், செவ்வாய். மேலே எழுதியதைத் தபாலில் போடுவதற்குள் அம்மா துணி துவைத்துவிட்டாள். துவைக்கும் முன்னால் சட்டைப் பையைப் பார்த்தாள். ஜரீனாவின் அட்டை. 162, கீழே 104, உப்பைக் குறைக்கவும், ஒரு வாரத்தில் திரும்ப வரவும். நர்ஸ் அவசரத்தில் அளந்திருப்பாள் என்றேன். அம்மா கட்டி வைத்த பெட்டியைப் பிரித்தாள். டேப்பைக் கொண்டு வந்து என் மேல்கையை அளந்தாள். இருபத்தாறு சென்டிமீட்டர். பட்டை கச்சிதமாகச் சுற்றி ஒட்டியது, கிளிப் தேவைப்படவில்லை. நூற்று அறுபத்தொன்று. நேற்று மருதப்பனிடம் சொன்னேன். மெஷின் சரியாக இருக்கிறது என்று நீதான் எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றார். சாயங்காலம் அம்மா மெஷினையும் என் சர்டிஃபிகேட்டையும் ஒரே பையில் போட்டு ஃபாதரிடம் எடுத்துப் போனாள். ஃபாதர் ஸ்டிக்கரைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார், பின் வலது முனையில் என் பெயரை அடித்துவிட்டு அருள்ஜோதி என்று எழுதினார். நான் குடை பிடிக்கிறேன். காலண்டரில் இப்போது என் எண்கள் ஏறுகின்றன, என் பங்குக் கருவாட்டை அப்பா சாப்பிடுகிறார். "அடுத்த வருஷமும் அந்த முன அங்கதான் இருக்கும், இப்ப ரசத்தக் குடி" என்றார் இன்று காலை. முதல் வரியில் "எல்லோரும் சுகம்" என்பதை ஒருவனைத் தவிர என்று திருத்திப் படிக்கவும். மெஷினை அனுப்பவில்லை, திருநாளுக்கு வந்தால் சப்பரத்தடியில் என்னைத் தேடவும் வேண்டாம். அது நல்ல மெஷின், அத்தான். கையெழுத்துப் போட்டது நான்.